1994 ஜூன் 3, மிசாவா – கவாடா: அன்னைக்கு கவாடா ஜெயிச்சிருக்கணுமா?

கருப்புமஞ்சள்:
நேத்து ராத்திரி அந்த ஆல் ஜப்பான் கம்பெனி ரெஸ்லிங் மேட்சை திரும்ப ஒருவாட்டி முழுசா போட்டு பாத்தேன். 35 நிமிஷம் 50 செகண்டு. எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்ல. முடிஞ்சப்புறம் தூக்கம் வரல, அதான் இங்க வந்து கொட்டுறேன், பொறுத்துக்கங்க, நீளமா போகும்.

இங்க பழைய ஆளுங்களுக்கு தெரியும், நான் கவாடா கட்சி. டோக்கியோ புடோகான் அரங்கத்துல அன்னைக்கு கம்பெனியோட பெரிய சாம்பியன் பட்டமான ட்ரிபிள் கிரவுன் பெல்ட் மிசாவாகிட்ட இருந்து கவாடா கைக்கு போயிருக்கணும்னு வருஷக்கணக்கா சண்டை போட்டவன். ஏப்ரல்ல சாம்பியன் கார்னிவல் டோர்னமென்ட் ஜெயிச்சாச்சு, ஃபைனல்ல ஸ்டீவ் வில்லியம்ஸையே சாய்ச்சாச்சு, இதுக்கு மேல ஒரு ஆளு என்ன பண்ணணும்? யாரு ஜெயிக்கணும்னு முடிவு பண்ற கம்பெனி முதலாளி ஜயன்ட் பாபா தப்பு பண்ணிட்டாருன்னுதான் சொல்லிட்டே இருந்தேன்.

நேத்து மனசு மாறிடுச்சு. கடைசி அஞ்சு நிமிஷத்த கவாடாவ பாக்காம மிசாவா மூஞ்சிய மட்டும் பாத்தேன். மிசாவா எப்பவுமே கல்லு மாதிரி நிப்பாரு, அடிச்சாலும் வலிச்ச மாதிரி பெருசா காட்டிக்க மாட்டாரு, எதிராளிக்கு அதுவே பாதி தோல்வி. அந்த ஆளு அன்னைக்கு கைல இருந்த எல்லாத்தையும் போட்டு பாத்துட்டு, எதுவும் வேலைக்கு ஆகலன்னு தெரிஞ்சு, எடுக்கவே கூடாதுன்னு வச்சிருந்ததை எடுக்குறாரு. டைகர் டிரைவர் '91. 1991 ஜனவரில தாவுவேங்கிற ரெஸ்லர் மேல போட்டப்புறம் பெட்டில வச்சு பூட்டின மாதிரி இருந்த மூவ். அந்த பூட்டை ஒடைக்க வச்சதே கவாடாதான். பெல்ட் வரல, ஆனா மிசாவாவ அந்த இடத்துக்கு தள்ளினவன்னு ஒரே ஒரு ஆளுதான் இருந்தான்.

தோத்ததாலதான் இந்த மேட்ச் இவ்ளோ பெருசுன்னு இப்ப தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

பச்சைக்கோடு:
கடைசில வழிக்கு வந்தீங்க அண்ணே. மிசாவா கட்சிக்காரனா சந்தோஷம்.

ஆனா ஒண்ணு சேக்கணும். இந்த மேட்சை தனியா பாத்தா பாதிதான் கிடைக்கும். 1992 அக்டோபர்ல முதல் தடவ பெல்ட்டுக்கு மோதுறாங்க, மிசாவா ஜெயிக்கிறாரு, அப்ப ரெண்டு பேரும் ஒரே டீம். முடிஞ்சு கைகுடுத்துக்கிட்டு போற மூடுதான். அப்புறம் 93-ல கவாடா கட்சி மாறி தாவுவேயோட சேர்றாரு. நேத்து வரைக்கும் யாரோட அடிச்சிக்கிட்டாரோ அந்த தாவுவே. ஜூலை 29, 1993, திரும்ப புடோகான், அங்கதான் உண்மையான வெறுப்பு ஆரம்பிக்குது. அந்த மேட்ச் கடைசில கவாடாவுக்கு காலே நிக்கல, பொணம் மாதிரி தொங்குறாரு, மிசாவா இழுத்து பிடிச்சு ஜெர்மன் சப்ளெக்ஸ் (பின்னாடி இருந்து இடுப்பை பிடிச்சு தூக்கி பின்பக்கமா போடுறது) மேல சப்ளெக்ஸா போடுறாரு. தூக்குற ஆளுக்கே பரிதாபமா இருக்குமோன்னு தோணும். அதை பாத்துட்டு 94 பாருங்க, கவாடா ஏன் முதல் நிமிஷத்துல இருந்தே அவ்ளோ கோவமா அடிக்கிறாருன்னு புரியும்.

புது_ரிங்சைட்:
வணக்கம். நான் டபிள்யூடபிள்யூஎஃப் மட்டும் பாத்து வளந்த ஆளு, ஜப்பான் பக்கம் ஒண்ணுமே தெரியாது. ரெண்டு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு, இவங்களுக்குள்ள அப்படி என்ன பகை? ரெண்டு, யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே முடிவு பண்ணியாச்சுன்னா எதுக்கு இவ்ளோ நிஜமா அடிச்சிக்கணும்? நான் ஒரு பத்து நிமிஷ துண்டு பாத்தேன், அந்த எல்போ அடியெல்லாம் நடிப்பு மாதிரி இல்ல, சத்தமே வேற மாதிரி இருக்கு.

கருப்புமஞ்சள்:
தப்பே இல்ல தம்பி, நல்ல கேள்வி. பகை கதைய நான் சொல்றேன், ரெண்டாவதை மத்தவங்க சொல்லட்டும்.

ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல். தொச்சிகி பக்கம் அஷிகாகால ஒரு ஹைஸ்கூல், அங்க அமெச்சூர் ரெஸ்லிங் டீம். மிசாவா ஒரு வருஷம் சீனியர். ஜப்பான்ல சீனியர் ஜூனியர்ங்கிறது நம்ம காலேஜ் ராகிங் மாதிரி ஒரு வருஷத்துல முடியிற சமாச்சாரம் இல்ல, சாகுற வரைக்கும் சீனியர் சீனியர்தான், அவன் முன்னாடி பேசுற மொழியே வேற. மிசாவா 1981-ல ஆல் ஜப்பான்ல அறிமுகம், கவாடா அடுத்த வருஷமே அதே கம்பெனி. பின்னாடியே வந்தான்னு சொல்லலாம்.

84-ல மிசாவாவுக்கு டைகர் மாஸ்க் முகமூடி குடுத்துட்டாங்க, ரெண்டாவது டைகர் மாஸ்க். ஆறு வருஷம் இன்னொருத்தனோட முகத்தோட ஆடினாரு. 1990-ல பெரிய ஸ்டார் டென்ரியு கம்பெனிய விட்டு போறாரு, கம்பெனி ஆடிப்போகுது, யாராவது ஒருத்தன் எழுந்து நிக்கணும். மே 14, டோக்கியோ மெட்ரோபாலிட்டன் ஜிம்னேசியம், டேக் மேட்ச் (ரெண்டு ரெண்டு பேரா மோதுறது), பாதில மிசாவா தன் பார்ட்னர பாத்து முகமூடி முடிச்சை அவுக்க சொல்றாரு. அந்த பார்ட்னர்தான் கவாடா. அவுத்தது கவாடா கை. மூணு வாரம் கழிச்சு ஜூன் 8, மிசாவா கம்பெனியோட மூத்த ஸ்டார் ஜம்போ த்சுருதாவ சாய்க்கிறாரு, அன்னைல இருந்து கம்பெனியோட முகம் அவருதான்.

இப்ப நீங்களே யோசிங்க. ஸ்கூல்ல அவன் சீனியர். கம்பெனில அவன் சீனியர். அவன் முகத்தை ஊருக்கு காட்டினதே நம்ம கைதான், ஆனா அதுக்கப்புறம் கூட்டம் கத்துறது அவன் பேரை. நமக்கு கருப்பு மஞ்சள் டைட்ஸும் ரெண்டாவது இடமும். இதுல பகை வர்றதுக்கு வில்லத்தனமெல்லாம் தேவையே இல்ல, யாரும் யாருக்கும் துரோகம் பண்ணணும்னு இல்ல, ஒரு வருஷம் முன்னாடி பொறந்தான்ங்கிறதே போதும்.

மேற்கு_மாம்பலம்_ரிங்:
ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன்.

ஆல் ஜப்பான்ல 90கள்ல பாபா ஒரு வழக்கம் கொண்டுவந்தாரு, பெரிய மேட்ச்ல டிஸ்குவாலிஃபிகேஷன், வெளிய கவுன்ட் அவுட், யாரோ நாற்காலியோட ஓடி வந்து கெடுக்குறது, இதெல்லாம் கிடையாது. ரிங்குக்கு நடுவுல ஒருத்தன் இன்னொருத்தனை மூணு எண்ணுற வரைக்கும் அழுத்தணும், அவ்ளோதான். சாக்கு சொல்ல வழியே இல்ல. அப்ப கூட்டத்தை நம்ப வைக்க ஒரே கருவி உடம்புதான். மைக் புடிச்சு அரைமணி நேரம் வசனம் பேசுற பழக்கமும் அங்க இல்ல. என் கோவத்தை நான் எப்படி உனக்கு சொல்றது? எல்போலதான்.

மிசாவா எல்போன்னா முழங்கை நுனி இல்ல, முன்னங்கையோட வச்சு தாடைல இறக்குறது. படுது, நிஜமா படுது. கவாடா கிக்கும் அப்படித்தான். அதுலயும் கீழ கெடக்குறவன் தலைய காலால சும்மா சும்மா தட்டுவாரு பாருங்க, வலிக்கிறதுக்கு இல்ல அது, அவமானத்துக்கு. ஒரு ஜூனியர் சீனியர் தலைல காலை வைக்கிறான்னு அங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அர்த்தம் தெரியும். அந்த தட்டு விழும்போது புடோகான்ல வர்ற சத்தத்தை கேளுங்க.

முடிவு முன்னாடியே தெரியும்ங்கிறது உண்மை. அவங்க ரெண்டு பேருக்கு தெரியும். ஆனா அடுத்த நாள் காலைல கழுத்தை திருப்ப முடியாம எழுந்ததும் உண்மை. ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிக்கல.

புது_ரிங்சைட்:
ரொம்ப நன்றி அண்ணா. அந்த முகமூடி விஷயம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முழு மேட்சும் இந்த வாரம் பாத்துட்டு வர்றேன்.

கவுன்ட்_ரெண்டேமுக்கால்:
மாத்திக்கிட்ட கருத்துக்கு மரியாதை, ஆனா நான் மாற மாட்டேன் கருப்புமஞ்சள். கவாடா ஜெயிச்சிருக்கணும்.

என் வாதம் இதுதான். மிசாவா 1992 ஆகஸ்ட் 22 ஸ்டான் ஹான்சன்கிட்ட இருந்து பெல்ட் எடுத்தாரு. இந்த மேட்ச் நடந்து எட்டே வாரத்துல, 1994 ஜூலை 28, அதே புடோகான்ல ஸ்டீவ் வில்லியம்ஸ்கிட்ட தோத்தாரு. 705 நாள் ஆட்சி. எப்படியும் முடியப்போற ஆட்சிதானே, அதை முடிக்கிற கை ஏன் கவாடா கையா இருக்கக்கூடாது? அக்டோபர் 22-ல கவாடா அந்த வில்லியம்ஸை சாய்ச்சு சாம்பியன் ஆனாரு, சரி, ஆனா அது சுத்தி வந்து பின் வாசல்ல நுழைஞ்ச மாதிரி. மிசாவாகிட்ட இருந்து எடுக்காத பெல்ட் கவாடாவுக்கு முழு பெல்ட் கிடையாது. அதுக்கு அவர் 1998 மே 1 வரைக்கும் காத்திருந்தாரு, டோக்கியோ டோம்ல. அதுக்குள்ள ரெண்டு பேர் உடம்பும் தேஞ்சு போச்சு, மிசாவா அன்னைக்கு ரிங்குக்கு வந்த நிலைமைய பாத்தாலே தெரியும். ஜெயிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு, ஆனா 94-ல வந்திருக்க வேண்டிய சந்தோஷம் அது இல்ல. பசிச்சப்ப போடாத சோறு.

பச்சைக்கோடு:
ஒரு திருத்தம். 98-க்கு முன்னாடியே கவாடா மிசாவாவ சாய்ச்சிருக்காரு. 1995 ஜூன் 9, டேக் டைட்டில் மேட்ச், கவாடாவும் தாவுவேயும் ஒரு பக்கம், மிசாவாவும் அவர் பார்ட்னர் கோபாஷியும் இன்னொரு பக்கம், கவாடா மிசாவாவ நேரா பின் பண்றாரு, வாழ்க்கைல முதல் தடவ. அப்புறம் 97 கார்னிவல்ல மூணு பேர் சமமா வந்து ஒரே ராத்திரில மோதினப்ப தனியாவும் சாய்ச்சாரு, ஆனா மிசாவா அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் கோபாஷியோட 30 நிமிஷம் ட்ரா ஆடி களைச்சு நின்னாரு. அதனால பெல்ட்டுக்காக, தனியா, ரெண்டு பேரும் புதுசா நின்னு மோதினதுன்னா 98தான், அந்த வரைக்கும் நீங்க சொல்றது சரி.

கவுன்ட்_ரெண்டேமுக்கால்:
ஒத்துக்குறேன். 95 டேக் என் மனசுல தனி இடம், அதை மறந்தது என் தப்பு.

முதுகெலும்பு:
இவ்ளோ நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த மேட்ச் எனக்கும் உயிர்தான், ஆனா அந்த கடைசி மூவ பத்தி எல்லாரும் பெருமையா மட்டும் பேசுறது நெஞ்சை அறுக்குது, அதனால எழுதுறேன்.

சாதாரண டைகர் டிரைவர்ல எதிராளி குனிஞ்சிருப்பான், அவன் ரெண்டு கையையும் பின்னாடி கோத்து பூட்டி, தூக்கி திருப்பி, முதுகு படுற மாதிரி உக்காந்து போடுவாங்க. அடி முதுகுல பரவிடும். '91ங்கிற வகைல அந்த திருப்பல் முழுசா இல்ல, முழங்கால்ல இறங்குறாங்க, கழுத்தும் பின்தலையும்தான் முதல்ல தரையை தொடுது. கை ரெண்டும் பூட்டுல இருக்கு. நாம கீழ விழுந்தா தன்னால கை முன்னாடி போகும், தாடைய நெஞ்சோட ஒட்ட வச்சு தோள்பட்டைல உருளுவோம், ரெஸ்லருக்கு முதல் வருஷத்துல சொல்லிக்குடுக்குறதே அதுதான். இதுல அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்ல. மொத்த எடையும் கழுத்தெலும்பு ஏழுமேல மடங்கி இறங்குது. 100 கிலோவுக்கு மேல இருக்குற ஆளு.

கவாடா எழுந்து வந்துட்டாரு. அது திறமை, கூடவே போடுறவனோட கவனம், ரெண்டும் உண்மை. ஆனா இதோட கணக்கு ஒரே நாள்ல வராது, பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு வரும். டிஸ்க் தேயும், எலும்பு முள்ளு மாதிரி வளரும், நரம்பு போற பாதை சுருங்கும், அதுக்கப்புறம் சின்ன அடியே பெரிய அடி.

2009 ஜூன் 13, ஹிரோஷிமா. மிசாவா ஒரு டேக் மேட்ச்ல பேக் சப்ளெக்ஸ் வாங்கினாரு, ஆயிரம் தடவ வாங்கின அதே பேக் சப்ளெக்ஸ், எழுந்திருக்கல. அன்னைக்கு ராத்திரியே போயிட்டாரு. 46 வயசு, 47 ஆக அஞ்சு நாள் இருந்துச்சு. கழுத்து தண்டுவட காயம்னு சொன்னாங்க. போட்டவர் மேல எந்த தப்பும் இல்ல, அவரு அந்த பாரத்தோட வாழ்ந்தாரே, அதை யோசிச்சாலே எனக்கு தாங்கல. அந்த அடி ஹிரோஷிமால விழுந்த அடி மட்டும் இல்ல, புடோகான்ல 90கள் முழுக்க விழுந்ததெல்லாம் சேந்த அடி.

இப்ப 94 மேட்சை பாக்கும்போது கடைசி மூவ் வர்றப்ப என் கை தன்னால என் கழுத்துக்கு போகுது. நிறுத்தவும் முடியல.

கருப்புமஞ்சள்:
முதுகெலும்பு, உங்க பதிவை மூணு தடவ படிச்சேன். நான் அந்த மூவ பெருமையாதான் எழுதினேன், ஒத்துக்குறேன். 2009க்கு அப்புறம் ஒரு வருஷம் நான் இவங்க மேட்ச் எதையும் தொடல, டேப் எல்லாத்தையும் அலமாரிக்கு மேல தூக்கி வச்சுட்டேன். திரும்ப எடுத்தது ஏன்னு கேட்டா நேரா பதில் சொல்ல தெரியல. பாக்காம விட்டா அவங்க பட்டது வீணாயிடும்னு ஒரு எண்ணம். அது சரியான்னு தெரியல.

மேற்கு_மாம்பலம்_ரிங்:
இது முக்கியமான பேச்சு. ஒரு விஷயம் சேக்குறேன். இந்த ஏணி எப்படி ஏறுச்சுன்னு பாக்கணும். 1990-ல டைகர் டிரைவர் போட்டா ஆள் எழ மாட்டான்னு கூட்டம் நம்புச்சு. அப்புறம் எழுந்தாங்க. 93-ல ஒரு ஜெர்மன் பத்தல, ரெண்டு மூணு வேணும். 94-ல அதுவும் பத்தல. இந்த ஸ்டைலோட ருசியே அதுதான், ஒவ்வொரு மேட்சும் போன மேட்சை ஞாபகம் வச்சிருக்கும், போன தடவ உன்னை சாய்ச்சது இந்த தடவ சாய்க்காது. ஆனா அதே ருசிதான் விஷமும். ஞாபகம் வச்சிருக்கிற கூட்டத்துக்கு போன வருஷத்தை விட ஒரு படி மேல குடுத்தே ஆகணும், மேல போக போக மிஞ்சினது தலையும் கழுத்தும்தான்.

1999 ஜனவரி 22 ஒசாகா மேட்சை யாரும் சொல்லல. கவாடா திரும்ப மிசாவாவ சாய்ச்சு பெல்ட் எடுத்தாரு, ஆனா நடுவுல அடிச்ச அடில அவர் கை எலும்பே முறிஞ்சு போச்சு. முறிஞ்ச கையோட தூக்குறாரு, பவர்பாம்ப் (ஆளை மேல தூக்கி முதுகு படுற மாதிரி போடுறது) முழுசா வரல, மிசாவா நேரா தலைகுப்புற இறங்குறாரு. அதுக்கு பேரே வச்சுட்டாங்க, கான்சோ பாம்ப்னு. ஜெயிச்ச பெல்ட்டை காயத்தால திருப்பி குடுக்க வேண்டியதாயிடுச்சு. அந்த மாசம் 31ஆம் தேதி பாபாவும் இறந்துட்டாரு. எனக்கு அந்த மேட்ச் ரெண்டாவது தடவ பாக்க மனசு வரல.

கவுன்ட்_ரெண்டேமுக்கால்:
பாபா போனதுக்கப்புறம் நடந்ததும் இந்த பகைல ஒரு பாகம்தான். 2000-ல மிசாவா கம்பெனிய விட்டு வெளிய போய் நோவாங்கிற புது கம்பெனி ஆரம்பிச்சப்ப கிட்டத்தட்ட எல்லாரும் பின்னாடியே போனாங்க. கோபாஷி, தாவுவே எல்லாரும். கவாடா போகல. ஜப்பான் ரெஸ்லருங்கள்ல ஃபுச்சியும் அவரும்தான் பழைய வீட்டுலயே நின்னாங்க. ஸ்கூல்ல பின்னாடி வந்தவரு, கம்பெனிக்கு பின்னாடி வந்தவரு, அன்னைக்கு முதல் தடவ பின்னாடி போகல. எனக்கு கவாடாவோட பெரிய ஜெயம் 98 டோம் இல்ல, அந்த நிக்குறதுதான்.

பச்சைக்கோடு:
இதுல நான் உங்க பக்கம். அஞ்சு வருஷம் கழிச்சு 2005 ஜூலை 18, திரும்ப டோக்கியோ டோம், நோவா ஷோ, கவாடா வெளி ஆளா வந்து மிசாவாவோட மோதினாரு. மிசாவாதான் ஜெயிச்சாரு. அதுதான் ரெண்டு பேருக்கும் கடைசி மோதல். வேகமெல்லாம் போயிடுச்சு, ஆனா முதல் எல்போ விழுந்ததும் டோம் மொத்தமும் 94-க்கு போயிட்டு வந்துச்சு.

மிசாவா போன அடுத்த வருஷம், 2010-ல கவாடா ரிங்கை விட்டு ஒதுங்கி டோக்கியோல சாப்பாட்டு கடை திறந்துட்டாரு. தனக்கு எதிர்ல நிக்கிற ஆளு இல்லாம போனப்புறம் அவருக்கு அங்க என்ன வேலைன்னு நானா நினைச்சுக்குறேன், அவர் சொன்னது இல்ல இது.

புது_ரிங்சைட்:
பாத்துட்டேன். ரெண்டு நாளா பாத்தேன், ஒரே மூச்சுல முடியல.

எனக்கு புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், தப்பிருந்தா சொல்லுங்க. ஆரம்பத்துல ரொம்ப மெதுவா போகுதேன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன பண்ணுவான்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதால பெரிய மூவ எதுவும் சுலபமா விழல, ஒவ்வொண்ணுக்கும் தடுப்பு இருக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா பிடிபட்டுச்சு. கவாடா அந்த ஸ்ட்ரெட்ச் ப்ளம் பிடிய போட்டு முறுக்கினப்ப என் தாடையும் இறுகி போச்சு. பவர்பாம்ப் விழுந்து ரெஃப்ரி கை ரெண்டு தட்டினப்ப நான் நிஜமா மூணுன்னு நினைச்சுட்டேன், முடிவு இந்த பேஜ்லயே படிச்சிருந்தும். கூட்டம் தரைய காலால உதைக்கிற சத்தம் இருக்கே, ஹெட்ஃபோன்ல கேட்டேன், மழை வர்றதுக்கு முன்னாடி தகரக் கூரைல கேக்குற மாதிரி.

கடைசி மூவ் முதுகெலும்பு அண்ணன் எழுதினதை படிக்காம பாத்திருந்தா கைதட்டியிருப்பேன்னு நினைக்கிறேன். இப்ப கைதட்ட முடியல. ஆனா முடிஞ்சப்புறம் கவாடா கெடக்குறதையும் மிசாவா எழ முடியாம எழுறதையும் பாத்தப்ப ஜெயிச்சவன் யாருன்னு கேட்டா பெல்ட்டை வச்சுதான் சொல்ல முடியும்.

கவாடா ஜெயிச்சிருக்கணுமான்னு கேட்டா, ஆமா ஜெயிச்சிருக்கணும். ஆனா ஜெயிச்சிருந்தா நான் இன்னைக்கு இவரை பத்தி இவ்ளோ நினைச்சிருப்பேனான்னு தெரியல. ரெண்டும் சேத்து சொல்லலாமா?

கருப்புமஞ்சள்:
சொல்லலாம் தம்பி. நான் வருஷக்கணக்கா ஒண்ணை மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன்.

கவுன்ட்_ரெண்டேமுக்கால்:
"ஜெயிச்சிருக்கணும்" வரைக்கும் எனக்கு போதும், அந்த ஓட்டு என் கணக்குல.

புது_ரிங்சைட்:
அடுத்து நேரா 98 டோம் பாக்கட்டுமா?

முதுகெலும்பு:
வேணாம். 95 ஜூன் 9 டேக் பாருங்க முதல்ல. 42 நிமிஷம் இருக்கும், காலைல பாருங்க, ராத்திரி வேணாம். கோபாஷி அடிபட்ட மிசாவா மேல தன் உடம்ப போட்டு மறைக்கிற இடம் ஒண்ணு வரும், அங்க வந்ததும் இங்க எழுதுங்க.